தெருவில் நின்றவர்களுக்குத் தெரியவில்லை

1969 ஆகஸ்ட் கடைசியில், வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தபோது, அமெரிக்காவின் பிலடெல்பியாவை ஒட்டிய ஹேவர்ஃபோர்ட் கல்லூரியில் போர் எதிர்ப்பாளர்களின் மாநாடு ஒன்று நடந்தது. அதில் ராண்டி கேலர் என்ற இளைஞர் பேசினார். ஹார்வர்டில் படித்தவர். ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் வேலைக்கு எந்த வகையிலும் ஒத்துழைக்க மாட்டேன் என்று தன் ராணுவப் பதிவு அட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டவர். நண்பர்கள் ஒவ்வொருவராகச் சிறைக்குப் போய்விட்டார்கள், கூடிய சீக்கிரம் நானும் அவர்களோடு போய்ச் சேர்ந்துவிடுவேன், அதில் எனக்குச் சந்தோஷம்தான் என்று ஏதோ ஊருக்குக் கிளம்புகிறவரைப் போலச் சொன்னார்.

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் டேனியல் எல்ஸ்பெர்க். வயது 38. மரீன் படையில் அதிகாரியாக இருந்தவர், வியட்நாமில் இரண்டு ஆண்டுகள் அரசுப் பணி செய்தவர், பாதுகாப்புத் துறையின் தலைமையகமான பென்டகனுக்கு ஆய்வு செய்துகொடுக்கும் ராண்ட் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அவர் அரங்கை விட்டு எழுந்து போனார். ஆண்கள் கழிவறையில் தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் அழுதார். இதை அவரே பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். நம் நாட்டின் நல்ல பிள்ளைகளுக்குப் போகக்கூடிய நல்ல இடம் சிறைதான் என்ற நிலைமை வந்துவிட்டதே என்பதுதான் அந்த அழுகை. அப்புறம் தனக்குள் கேட்டுக்கொண்டார்: நானும் சிறைக்குப் போகத் தயார் என்றால், இந்தப் போரை நிறுத்த என்னால் என்ன செய்ய முடியும்?

ஐந்து வாரத்தில், அக்டோபர் 1 இரவு, அலுவலகப் பெட்டகத்தில் இருந்த, இந்தப் போரைப் பற்றிய ரகசிய ஆவணங்களைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். ஒரு நண்பரின் உதவியோடு, தெரிந்தவருடைய விளம்பர நிறுவனத்தில் இருந்த ஜெராக்ஸ் இயந்திரத்தில் ஒவ்வொரு பக்கமாக நகலெடுத்தார். ஓர் இரவு அவருடைய 13 வயது மகனும் கூட நின்று உதவினான். 10 வயது மகள் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு, தாளின் மேலும் கீழும் இருந்த 'மிக ரகசியம்' என்ற வரியை வெட்டி எடுத்தாள்.

கேலருக்கு இதில் எதுவும் தெரியாது.

வேறொரு தேசத்தில் தன் நாடு நடத்தும் போரை ஒருவர் எதிர்த்துப் பேசினால், முதலில் வரும் கேள்வி "இதனால் என்ன ஆகப்போகிறது?" என்பதுதான். வியட்நாம் போர்க்காலத்து அமெரிக்காவில் இந்தக் கேள்வியைப் போர் ஆதரவாளர்களும் கேட்டார்கள், ஊர்வலம் போய் ஓய்ந்தவர்களும் கேட்டார்கள். இன்று அந்த அரசின் ஆவணங்கள் கையில் இருக்கும்போது படித்தால் ஒன்று தெளிவாகிறது. எதிர்ப்பினால் நிறையவே நடந்தது. ஆனால் அது மூடிய அறைகளுக்குள் நடந்தது. தோற்றுவிட்டோம் என்று தெருவில் நின்றவர்கள் நினைத்த அதே வாரங்களில் நடந்தது.

ஆரம்பத்தில் எத்தனை பேர்?

1964 ஆகஸ்டில், வட வியட்நாமை ஒட்டிய டோங்கின் வளைகுடாவில் தங்கள் போர்க்கப்பல்கள் இரண்டு முறை தாக்கப்பட்டதாகச் சொல்லி, பதிலடி கொடுக்க நாடாளுமன்றத்திடம் அதிகாரம் கேட்டார் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன். கீழவையில் ஆதரவு 416, எதிர்ப்பு பூஜ்யம். செனட்டில் 88க்கு 2. அந்த இருவர் ஓரிகானின் வெய்ன் மோர்ஸும் அலாஸ்காவின் எர்னஸ்ட் க்ரூனிங்கும். 1968 தேர்தலோடு இருவருடைய பதவியும் போனது. அந்த இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்பது பிற்காலத்தில் வெளியானது.

1965 மார்ச் 8 அன்று 3,500 மரீன்கள் டா நாங் கடற்கரையில் இறங்கினார்கள். அதே மாதம் 24ஆம் தேதி இரவு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் புதிதாக ஒன்று நடந்தது. ஆசிரியர்கள் சிலர் ஒரு நாள் வகுப்புகளை நிறுத்திப் போரைக் கண்டிப்பதாக அறிவித்திருந்தார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு வேலைநிறுத்தமா என்று மாநில அரசியல்வாதிகள் பாய்ந்தார்கள். சரி, வகுப்பை நிறுத்தவில்லை, கூடுதலாக எடுக்கிறோம், விடியவிடிய எடுக்கிறோம் என்று திட்டத்தை மாற்றினார்கள் ஆசிரியர்கள். சுமார் 3,000 பேர் வந்தார்கள். நடுவில் வெடிகுண்டு மிரட்டல் வந்தது. அத்தனை பேரும் நடுங்கும் குளிரில் வெளியே வந்து நின்று, அங்கேயே பேச்சைத் தொடர்ந்தார்கள். வியட்நாமின் வரலாறு என்ன, பிரெஞ்சுக்காரர்கள் ஏன் தோற்றார்கள், 1954 ஜெனீவா உடன்பாட்டில் என்ன எழுதியிருக்கிறது என்றெல்லாம் அன்றைக்குத்தான் பலர் முதல்முறையாகக் கேட்டார்கள். 'டீச்-இன்' என்று பெயர் பெற்ற இந்த வழக்கம் சில வாரங்களில் நாடு முழுக்கப் பரவியது. போராட்டம் கோஷத்தில் தொடங்காமல் பாடத்தில் தொடங்கியது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. எந்த நாட்டின் மேல் குண்டு போடுகிறோம் என்பது தெரியாதவர்களிடம் அதைச் சொல்லிக்கொடுப்பதுதான் முதல் வேலையாக இருந்தது.

இன்னொரு காட்சி அதே ஆண்டு டிசம்பரில், அயோவா மாநிலத்தின் டெமாய்ன் நகரத்தில். மேரி பெத் டிங்கர் என்ற 13 வயதுச் சிறுமி கையில் கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். இரு தரப்பிலும் செத்தவர்களுக்குத் துக்கம், கிறிஸ்துமஸுக்குச் சண்டை நிற்க வேண்டும் என்ற வேண்டுகோள், அவ்வளவுதான். விஷயம் முன்கூட்டியே காதுக்கு எட்டியதால் பள்ளி நிர்வாகம் ஏற்கெனவே தடை போட்டிருந்தது. அவளையும் சேர்த்து ஐந்து பேரை வகுப்பை விட்டு அனுப்பினார்கள். வீட்டின் மேல் சிவப்புப் பெயின்ட் வீசப்பட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் இரவு, வீட்டில் குண்டு வெடிக்கும் என்று தொலைபேசி மிரட்டல் வந்தது. மூன்று ஆண்டுக்கு மேல் வழக்கு நடந்து, 1969 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் பிள்ளைகளின் பக்கம் நின்றது. பேச்சுரிமையைப் பள்ளிக்கூட வாசலில் கழற்றி வைத்துவிட்டு யாரும் உள்ளே போவதில்லை என்றது தீர்ப்பு. அமெரிக்காவில் மாணவர் உரிமை வழக்குகளில் இன்றும் முதலில் எடுத்துக்காட்டப்படுவது இதுதான்.

அட்டை

இந்த எதிர்ப்பு ஏன் இவ்வளவு வளர்ந்தது என்பதற்கு ஒற்றைக் காரணம் கேட்டால், கட்டாய ஆள்சேர்ப்பு என்றுதான் சொல்ல வேண்டும். 18 வயதானால் ஆண் பிள்ளைகள் பதிவு செய்துகொண்டாக வேண்டும். அட்டை ஒன்று தருவார்கள், எப்போதும் கையில் இருக்க வேண்டும். யார் போவது, யார் வீட்டில் இருப்பது என்பதை நாடு முழுக்க இருந்த சுமார் 4,000 உள்ளூர்க் குழுக்கள் முடிவு செய்தன. கல்லூரியில் படித்தால் படிப்பு முடியும்வரை விலக்கு உண்டு. தெரிந்த டாக்டரிடம் சான்று வாங்க முடிந்தால் அது ஒரு வழி. ஆக, கல்லூரிக்குக் காசில்லாத தொழிலாளி வீட்டுப் பையனும், விவசாயி மகனும், கறுப்பின இளைஞனும்தான் முதலில் போனார்கள். போரின் ஆரம்ப ஆண்டுகளில், சண்டையில் இறந்தவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு 20 சதவீதத்தைத் தாண்டியது. மக்கள்தொகையிலோ அவர்கள் 11 சதவீதம்.

1965இல் அட்டையை எரிப்பதைத் தனிக் குற்றமாக்கினார்கள். 5 ஆண்டு சிறை, 10,000 டாலர் அபராதம். அதற்குப் பிறகுதான் எரிப்பது அதிகமானது. 1968 மே மாதம் மேரிலாண்டின் கேட்டன்ஸ்வில்லில் பெரிகன் சகோதரர்கள் என்ற இரண்டு கத்தோலிக்கப் பாதிரியார்களும் இன்னும் ஏழு பேரும் ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்குள் புகுந்து, 378 கோப்புகளை அள்ளி வெளியே கொண்டுவந்து, தாங்களே தயாரித்த நாபாம் என்ற எரிகுழம்பை ஊற்றி எரித்தார்கள். எரித்துவிட்டு ஓடவில்லை. பிரார்த்தனை செய்தபடி போலீஸ் வரும்வரை நின்றார்கள்.

குத்துச்சண்டை வீரர் முகமது அலியின் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த நிமிடம் எப்படி இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 1967 ஏப்ரல் 28, ஹூஸ்டன் நகரின் ஆள்சேர்ப்பு மையம். வரிசையில் நிற்பவர்களின் பெயரைக் கூப்பிடுவார்கள். ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தால் ராணுவத்தில் சேர்ந்ததாகக் கணக்கு. அவர் விட்டொழித்திருந்த பழைய பெயரான காஷியஸ் கிளே என்ற பெயரில் கூப்பிட்டார்கள். அலி நகரவில்லை. தண்டனை என்ன என்று எச்சரித்துவிட்டு மறுபடியும் கூப்பிட்டார்கள். அப்போதும் நகரவில்லை. அன்றே அவருடைய குத்துச்சண்டை உரிமமும் உலகப் பட்டமும் பறிபோயின. வயது 25. உடம்பு உச்சத்தில் இருந்த மூன்றரை ஆண்டுகள் வளையத்துக்குள் ஏற முடியாமல் போயின. 1971 ஜூனில் உச்ச நீதிமன்றம் 8க்கு 0 என்று அவருடைய தண்டனையை ரத்து செய்தது. உரிமம் அதற்கு முன்பே, 1970இல் திரும்பி வந்திருந்தது, அந்த ஆண்டுகள் வரவில்லை.

அதே 1967 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் நியூயார்க்கின் ரிவர்சைட் தேவாலயத்தில் போருக்கு எதிராகப் பேசினார். தங்கள் நாட்டிலேயே ஒன்றாக ஒரு பள்ளியில் உட்கார விடாத வெள்ளை, கறுப்புப் பையன்களை ஒன்றாகக் கொல்லவும் சாகவும் அனுப்புகிறோம் என்றார். கூட இருந்தவர்களே வேண்டாம் என்று தடுத்திருந்தார்கள். நியூயார்க் டைம்ஸும் வாஷிங்டன் போஸ்ட்டும் தலையங்கம் எழுதிக் கண்டித்தன. வெள்ளை மாளிகையின் கதவு அவருக்கு அடைபட்டது. சரியாக ஓராண்டு கழித்து, அதே ஏப்ரல் 4 அன்று மெம்ஃபிஸில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

போர்க்காலம் முழுவதும் கட்டாயமாக எடுக்கப்பட்டவர்கள் சுமார் 22 லட்சம் பேர். சட்டத்தை மீறியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 2 லட்சத்துக்கும் மேல். தண்டிக்கப்பட்டவர்கள் 9,000க்கும் குறைவு. இந்த இடைவெளியைக் கவனியுங்கள். வழக்கு நடத்தவே அரசால் முடியவில்லை. இவர்களைத் தவிரப் பல்லாயிரம் பேர் எல்லை தாண்டிக் கனடாவுக்குப் போனார்கள்.

1968ஐப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜனவரி கடைசியில், தென் வியட்நாம் நகரங்கள் மேல் கம்யூனிஸ்ட் படைகள் ஒரே நேரத்தில் நடத்திய டெட் தாக்குதல். மார்ச்சில், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் நியூ ஹாம்ப்ஷைர் முதற்கட்டத் தேர்தலில் போர் எதிர்ப்பாளரான யூஜின் மக்கார்த்தி, பதவியில் இருக்கும் ஜனாதிபதிக்கு எதிராக 42 சதவீதம் வாங்கினார். மார்ச் 31 அன்று, மறுபடி போட்டியிட மாட்டேன் என்று ஜான்சன் தொலைக்காட்சியில் அறிவித்தார். ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சியின் சிகாகோ மாநாட்டின்போது எதிர்ப்பாளர்கள் மேல் போலீஸ் தடியடி. நவம்பரில் நிக்சன் வெற்றி. எதிர்ப்பாளர்கள் ஒரு ஜனாதிபதியை வீட்டுக்கு அனுப்பினார்கள், வந்தவர் போரை இன்னும் நான்கு ஆண்டுகள் நடத்தினார்.

டக் ஹுக்

1969 கோடைகாலத்தில் வட வியட்நாமுக்கு நிக்சன் ரகசியமாக ஒரு கெடு வைத்தார். நவம்பர் 1க்குள் பேச்சுவார்த்தையில் முன்னேற்றம் வேண்டும், இல்லையென்றால் மிகக் கடுமையான நடவடிக்கை வரும். அந்த நடவடிக்கைக்கு அவருடைய பாதுகாப்பு ஆலோசகர் ஹென்றி கிஸ்ஸிங்கரின் குழு போட்ட திட்டத்தின் பெயர் 'டக் ஹுக்'. ஹைஃபாங் துறைமுகத்தில் கண்ணிவெடி, ஹனோய் மீது பெரிய அளவில் குண்டுவீச்சு. திட்டக் குறிப்புகள் சிலவற்றில் அணு ஆயுதத்தைப் பற்றிய பேச்சும் இருந்தது. வெளியே யாருக்கும் இது தெரியாது.

அதே நேரத்தில் வேறொரு பக்கம், மக்கார்த்தி பிரசாரத்தில் வேலை செய்த சாம் பிரவுன் போன்ற இளைஞர்கள் அக்டோபர் 15க்கு ஒரு திட்டம் போட்டார்கள். முதலில் வந்த யோசனை தேசிய வேலைநிறுத்தம். அந்த வார்த்தை நடுத்தர வர்க்கத்தைப் பயமுறுத்தும் என்று, 'மொரட்டோரியம்' என்று பெயர் வைத்தார்கள். வழக்கமான வேலைகளுக்கு ஒரு நாள் ஓய்வு, அவ்வளவுதான் பொருள். வாஷிங்டனுக்கு யாரும் வர வேண்டாம், அவரவர் ஊரிலேயே செய்யுங்கள் என்றார்கள். இதனால் எந்தப் பாதிப்பும் எனக்கு இருக்காது என்று நிக்சன் செப்டம்பரிலேயே பத்திரிகையாளர்களிடம் சொல்லிவிட்டார்.

அக்டோபர் 15 வந்தது. பாஸ்டன் மைதானத்தில் ஒரு லட்சம் பேர். நியூயார்க் மேயர் கொடிகளை அரைக்கம்பத்தில் பறக்கவிடச் சொன்னார். சின்னச் சின்ன ஊர்களில் தேவாலய மணி அடித்தார்கள், இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார்கள். வியட்நாமில் ரோந்து போன சிப்பாய்கள் சிலரே கையில் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். வாஷிங்டனில் கிங்கின் மனைவி கொரெட்டா முன்னால் நடக்க, மெழுகுவர்த்தி ஏந்திய கூட்டம் வெள்ளை மாளிகையைக் கடந்து போனது. நாடு முழுக்கக் கலந்துகொண்டவர்கள் 20 லட்சம் பேர் என்பது பரவலான மதிப்பீடு. முன் எப்போதும் ஊர்வலத்துக்கு வராத ஆசிரியர்கள், வக்கீல்கள், தாய்மார்கள், பாட்டிமார்கள் அதில் இருந்தார்கள்.

அன்று இரவு நிக்சன் உள்ளே உட்கார்ந்து நவம்பர் 3 உரைக்குக் குறிப்பெழுதிக்கொண்டிருந்தார். தாளின் மேலே தனக்குத்தானே எழுதிக்கொண்டது: பதறாதே, தடுமாறாதே, எதிர்வினை காட்டாதே. பாதிப்பே இருக்காது என்று சொன்ன மனிதரின் கையெழுத்து இது.

நவம்பர் 1 வந்தது, போனது. டக் ஹுக் நடக்கவில்லை. வேறு காரணங்களும் இருந்தன. பாதுகாப்பு அமைச்சர் லேர்டும் வெளியுறவு அமைச்சர் ரோஜர்ஸும் எதிர்த்தார்கள். திட்டம் பலிக்குமா என்ற சந்தேகமும் இருந்தது. ஆனால் நிக்சன் தன் நினைவுக் குறிப்புகளில், இந்தப் போராட்டம் தன் கெடுவின் நம்பகத்தன்மையை அநேகமாக அழித்துவிட்டது என்று வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். 1969 நவம்பரில் ஹனோய் மீது விழவிருந்த குண்டுகளில் ஒரு பகுதியையாவது, எங்கோ ஒரு சிறு ஊரில் மெழுகுவர்த்தி பிடித்து நின்றவர்கள் தடுத்தார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

அவர்களுக்கு அது தெரிந்ததா? இல்லை. அவர்கள் பார்த்தது நவம்பர் 3 உரையை. 'அமைதியான பெரும்பான்மையினரே, எனக்கு ஆதரவு தாருங்கள்' என்றார் நிக்சன், செல்வாக்கு ஏறியது. நவம்பர் 13 மாலையிலிருந்து ஒன்றரை நாளுக்கு மேல் ஆர்லிங்டன் கல்லறையிலிருந்து மக்கள் ஒற்றை வரிசையில் நடந்தார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் ஓர் அட்டை, அதில் இறந்துபோன ஒரு சிப்பாயின் பெயர், அல்லது அழிக்கப்பட்ட ஒரு வியட்நாம் கிராமத்தின் பெயர். வெள்ளை மாளிகைக்கு எதிரே வந்ததும் அந்தப் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். பிறகு நாடாளுமன்றம் வரை நடந்து, சவப்பெட்டியில் அட்டையைப் போட வேண்டும். மழையிலும் குளிரிலும் 40,000க்கு மேற்பட்டவர்கள் இப்படி நடந்தார்கள். 15ஆம் தேதி வாஷிங்டனில் கூடியவர்கள் போலீஸ் கணக்கிலேயே இரண்டரை லட்சம். வெள்ளை மாளிகையைச் சுற்றிப் பஸ்களை இடைவெளியில்லாமல் நிறுத்திச் சுவர் கட்டியிருந்தார்கள். ஜனாதிபதி உள்ளே கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்று செய்தி வந்தது. 1970 ஏப்ரலில் மொரட்டோரியம் குழு, இனி பயனில்லை என்று அலுவலகத்தை மூடியது.

கொடுத்த விலை

எதிர்ப்பாளர்களை மக்களுக்குப் பிடிக்கவில்லை. இதை மறைக்கக் கூடாது. வியட்நாமுக்குப் படை அனுப்பியது தவறு என்று 1965 ஆகஸ்டில் காலப் கருத்துக்கணிப்பில் சொன்னவர்கள் 24 சதவீதம். 1968 ஆகஸ்டில் 53, 1971 மே மாதத்தில் 61. ஆனால் போரை வெறுத்தவர்களிலேயே பலர் ஊர்வலம் போகிறவர்களையும் வெறுத்தார்கள். 1970 மே 4 அன்று ஒஹையோவின் கென்ட் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவல் படை 13 விநாடியில் 67 முறை சுட்டது. நான்கு மாணவர்கள் இறந்தார்கள், ஒன்பது பேர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் இருவர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். தப்பு யார் மேல் என்று கேட்டபோது 58 சதவீதம் பேர் மாணவர்கள் மேல் என்றார்கள். பத்து நாளில் மிசிசிப்பியின் ஜாக்சன் கல்லூரியில் போலீஸ் சுட்டு இரண்டு கறுப்பின இளைஞர்கள் இறந்தார்கள். அது இன்றும் பலருக்குத் தெரியாது.

இயக்கத்துக்குள்ளும் தவறு நடந்தது. ஊர்வலத்தால் ஒன்றும் ஆகவில்லை என்று நம்பிய ஒரு சிறு கூட்டம் வெடிகுண்டைக் கையில் எடுத்தது. 1970 ஆகஸ்டில் மேடிசன் பல்கலைக்கழகக் கட்டடத்தில் வைத்த குண்டில், ராணுவ ஆய்வோடு தொடர்பே இல்லாத ஓர் இயற்பியல் ஆய்வாளர் இறந்தார். அந்தச் சாவுக்கு எந்த நியாயமும் கிடையாது. தங்கள் முயற்சி உள்ளே என்ன செய்தது என்பது தெரியாமல் போனதற்கு அந்தத் தலைமுறை கொடுத்த விலைகளில் இதுவும் ஒன்று.

அரசு சும்மா இருக்கவில்லை. வெளிநாட்டுச் சக்திகள்தான் இவர்களைத் தூண்டுகின்றன என்று ஜான்சனும் நிக்சனும் உறுதியாக நம்பினார்கள். சிஐஏ 1967இலிருந்து உள்நாட்டு மக்களையே வேவு பார்த்தது, லட்சக்கணக்கான பெயர்களைச் சேர்த்தது. வெளிநாட்டுக் கை எதுவும் இருப்பதற்கு ஆதாரம் இல்லை என்றே திரும்பத் திரும்ப அறிக்கை கொடுத்தது. எஃப்பிஐயோ போர் எதிர்ப்பு அமைப்புகளுக்குள் ஆள்களை நுழைத்தது, பொய்க் கடிதம் எழுதியது.

எஃப்பிஐ செய்த இந்த வேலை வெளியே தெரிந்த விதம் வியப்பானது. 1971 மார்ச் 8 இரவு, அலியும் ஜோ ஃப்ரேசியரும் மோதிய குத்துச்சண்டையில் நாடே மூழ்கியிருந்த நேரம் பார்த்து, எட்டுப் பேர் பென்சில்வேனியாவின் மீடியா என்ற சிற்றூரில் இருந்த எஃப்பிஐ அலுவலகப் பூட்டை உடைத்து, கோப்புகள் அத்தனையையும் பெட்டிகளில் அள்ளிக்கொண்டு போனார்கள். தலைமை தாங்கியவர் வில்லியம் டேவிடன், எல்ஸ்பெர்க் அழுத அதே ஹேவர்ஃபோர்ட் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர். மூன்று குழந்தைகளின் பெற்றோரான ஒரு தம்பதியும் அந்த எட்டுப் பேரில் உண்டு. தாங்கள் சிறைக்குப் போனால் பிள்ளைகளை யார் வளர்ப்பது என்று உறவினர்களிடம் முன்பே பேசி வைத்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். கோப்புகளைப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார்கள். எஃப்பிஐ பல ஆண்டுகள் தேடியும் ஒருவரைக்கூடப் பிடிக்கவில்லை. 2014இல் அவர்களாக முன்வந்து சொன்னபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

போனவர்கள் திரும்பி வந்து பேசியபோது

இயக்கத்தின் மிகக் கனமான குரல் எங்கிருந்து வந்தது என்றால், போருக்குப் போனவர்களிடமிருந்து. ராணுவ முகாம்களை ஒட்டிய ஊர்களில் காபிக் கடைகள் முளைத்தன. தென் கரோலினாவின் கொலம்பியாவில் ஒன்று, டெக்சாஸின் கில்லீனில் ஒன்று. சிப்பாய் வந்து உட்கார்ந்து, அதிகாரியின் காதில் விழாமல் பேசலாம். முகாமுக்குள்ளேயே ரகசியமாக அச்சடித்த இதழ்கள் நூற்றுக்கணக்கில் கைமாறின. 1971இல் ஓய்வுபெற்ற மரீன் கர்னல் ராபர்ட் ஹைன்ல், வியட்நாமில் மிச்சமிருக்கும் நம் ராணுவம் சிதையும் நிலையை நெருங்கிவிட்டது என்று ராணுவ இதழிலேயே எழுதினார். கட்டளையை மறுப்பது, முகாமை விட்டு ஓடுவது, அதிகாரி மேலேயே கையெறி குண்டு வீசுவது வரை போயிருந்தது நிலைமை. படையை வீட்டுக்குக் கொண்டுவருவதைத் தவிர நிக்சனுக்கு அதிக வழி இல்லாமல் போனதற்கு இதுவும் பெரிய காரணம்.

1971 ஏப்ரல் 19 அன்று, வியட்நாமிலிருந்து திரும்பிய முன்னாள் சிப்பாய்கள் சுமார் ஆயிரம் பேர் வாஷிங்டனுக்கு வந்தார்கள். சிலர் சக்கர நாற்காலியில், சிலர் ஊன்றுகோலில். பிள்ளைகளை இழந்த தாய்மாரும் கூட வந்தார்கள். மலர்வளையம் வைக்க ஆர்லிங்டன் கல்லறைக்குப் போனபோது வாசற்கதவைச் சாத்திவிட்டார்கள். மகன் புதைந்திருக்கும் கல்லறையின் கதவை அம்மாவுக்கு எதிரே சாத்தினார்கள். அந்தப் படம் பத்திரிகைகளில் வந்து, மறுநாள் திறந்துவிட்டார்கள். நாடாளுமன்றத்துக்கு எதிரே புல்வெளியில் தங்கலாம், தூங்கக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். ஓட்டெடுப்பு நடத்தி, தூங்குவதென்று முடிவு செய்து தூங்கினார்கள். கைது செய்யும் துணிச்சல் அரசுக்கு வரவில்லை. 22ஆம் தேதி, அவர்களில் ஒருவரான 27 வயது ஜான் கெர்ரி செனட் குழுவின் முன் கேட்டார்: ஒரு தவறுக்காகச் சாகும் கடைசி ஆளாக இரு என்று ஒருவனிடம் எப்படிக் கேட்பது?

23ஆம் தேதி நாடாளுமன்றப் படிக்கட்டுக்கு முன்னால் மரமும் கம்பியும் வைத்து அவசரமாக ஒரு வேலி போட்டிருந்தார்கள். ஒவ்வொருவராக அதன் அருகே வந்தார்கள். பெயரைச் சொன்னார்கள், சிலர் பெயர்கூடச் சொல்லவில்லை. வெள்ளி நட்சத்திரம், வெண்கல நட்சத்திரம், காயத்துக்குக் கிடைத்த ஊதா இதயம் என்று பதக்கங்களை எடுத்து வேலிக்கு அப்பால் வீசினார்கள். செத்துப்போன நண்பனின் பெயரைச் சொல்லி வீசியவர் உண்டு. வீசிவிட்டு அங்கேயே நிலைகுலைந்து அழுதவர் உண்டு. 700க்கும் மேற்பட்டவர்கள் வீசினார்கள். இவர்களைக் கோழைகள் என்றோ, போரைப் பற்றித் தெரியாத பணக்கார வீட்டுப் பிள்ளைகள் என்றோ யாராலும் சொல்ல முடியவில்லை.

அப்போது எல்ஸ்பெர்க் தன் நகல்களை வைத்துக்கொண்டு செனட்டர்களிடம் அலைந்து ஓய்ந்திருந்தார். 1971 ஜூன் 13 அன்று நியூயார்க் டைம்ஸ் வெளியிடத் தொடங்கியது. மொத்தம் 7,000 பக்கம். ட்ரூமன் காலத்திலிருந்து ஜான்சன் காலம் வரை மக்களிடம் என்ன சொன்னார்கள், உள்ளே என்ன பேசினார்கள் என்ற கணக்கு. தடை கேட்டுப் போன அரசு உச்ச நீதிமன்றத்தில் 6க்கு 3 என்று தோற்றது. எல்ஸ்பெர்க் மேல் போட்ட குற்றச்சாட்டுகளுக்கு மொத்தம் 115 ஆண்டு சிறை கிடைத்திருக்கலாம். அவரை அவமானப்படுத்த ஏதாவது சிக்குமா என்று பார்க்க, அவருடைய மனநல மருத்துவரின் அலுவலகத்தை உடைக்க வெள்ளை மாளிகையே ஆள் அனுப்பியது. அதை நடத்திய அதே ஆள்கள்தான் அடுத்த ஆண்டு, எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் அலுவலகம் இருந்த வாட்டர்கேட் கட்டடத்துக்குள்ளும் ஆள் இறக்கினார்கள். மருத்துவர் அலுவலக விஷயம் வெளியே வந்ததும் 1973 மே மாதம் வழக்கு தள்ளுபடியானது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில், வாட்டர்கேட் விவகாரத்தால் நிக்சன் பதவி விலகினார்.

இத்தனைக்குப் பிறகும் போர் 1973 ஜனவரி வரை நின்றபாடில்லை. நிக்சன் ஆட்சிக்கு வந்த பிறகு மட்டும் இறந்த அமெரிக்கர்கள் 20,000க்கு மேல். 1972 தேர்தலில் அவர் 49 மாநிலங்களில் ஜெயித்தார். ஆள்சேர்ப்பு குறையக் குறையக் கல்லூரிகளும் அமைதியாயின. வானத்திலிருந்து விழுந்த குண்டுகள் குறையவில்லை. தன் வீட்டுப் பிள்ளைக்கு ஆபத்து இல்லை என்றானதும் பலருடைய கோபமும் தணிந்துவிட்டது என்பது அந்த இயக்கத்தைப் பற்றிய உண்மையான குறை, அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. வாஷிங்டன் நினைவுச் சுவரில் 58,000க்கு மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. வியட்நாம் தரப்பில் இறந்தவர்கள் சுமார் 30 லட்சம் பேர் என்று அந்நாட்டு அரசு 1995இல் சொன்னது. ஆனால் 1973 ஆகஸ்ட் 15க்குப் பிறகு இந்தோசீனாவில் ராணுவ நடவடிக்கைக்கு ஒரு காசு கிடையாது என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டதே, 1964இல் 416க்கு 0 என்று ஓட்டுப் போட்ட அதே சபைதான் அதற்கும் ஓட்டுப் போட்டது.

கேலர் சொன்னபடியே சிறைக்குப் போனார், 22 மாதம் இருந்தார். எல்ஸ்பெர்க் 2023இல் இறக்கும்வரை, அந்த ஆவணங்கள் வெளியே வந்ததைப் பற்றி யார் கேட்டாலும் தவறாமல் ஒன்றைச் சொல்வார்: ராண்டி கேலர் இல்லையென்றால் அந்த ஆவணங்களும் இல்லை. அன்று ஹேவர்ஃபோர்டில் பேசி முடித்து உட்கார்ந்த கேலருக்கோ, கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் எழுந்து வெளியே போனது மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கும், அதுவும் பட்டிருந்தால்.